குழந்தை ஆங்கிலம் வாசிக்கிறது, சரி, புரிகிறதா? மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வழிமுறை

"சலுவன் பெட்டூரை நிமுக்கினான்." பெட்டூரை நிமுக்கியது யார்? சலுவன். சலுவன் எதை நிமுக்கினான்? பெட்டூரை. இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண் போடலாம். ஆனால் சலுவன் யார், நிமுக்குவது என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு சொல்லே தமிழில் கிடையாது.

தமிழ்வழியில் படிக்கும் நான்காம் வகுப்புக் குழந்தை ஆங்கிலப் பாடத்தின் கேள்வி பதிலைப் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பாடத்தில் தேடும், கண்ணில் பட்டதும் அந்த வரியை அப்படியே இறக்கி வைக்கும். நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். அதே பாடத்தைத் தமிழில் சொல்லச் சொன்னால் குழந்தை விழிக்கும். கேள்வி கேட்பது, பதிலைத் திருத்துவது எல்லாம் சோதனை, கற்பித்தல் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் டோலோரஸ் டர்கின் 1970-களின் பிற்பகுதியில் நான்காம் வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்தபோது, பொருளைப் புரிந்துகொள்ளக் கற்றுத்தர ஆன நேரம் வாசிப்பு வகுப்பு நேரத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. தாய்மொழியிலேயே அந்த நிலை என்றால் இரண்டாம் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கீழே ஒரே ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொண்டு மூன்று பாடவேளை என்ன செய்வது என்று பார்ப்போம். ஆங்கில வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கரும்பலகையில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பத்தி இதுதான்:

"மீனா ஹேட் எ கோட். ஒன் டே தி கோட் ஏட் ஹெர் புக். மீனா டிட் நாட் டெல் ஹெர் மதர். ஷி புட் தி டார்ன் புக் அண்டர் தி மேட். இன் தி ஈவினிங் ஹெர் மதர் ஸ்வெப்ட் தி ரூம். 'மீனா, கம் ஹியர்,' ஷி செட்."

கோட் என்றால் இங்கே ஆடு. மொத்தம் 6 வாக்கியம், 38 சொல். நான்காம் வகுப்புக்கு முதல் பத்தியாக இந்த அளவே போதும். பாடநூலில் இருக்கும் இரண்டு பக்கக் கதையை ஒரே மூச்சில் நடத்த முயல்வதுதான் முதல் தவறு. அதிலிருந்தும் இப்படி 40 சொல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், எங்கே அடைத்திருக்கிறது என்று பாருங்கள்

"புரியவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். மருந்தும் மூன்று. கண்டுபிடிக்க ஒரு குழந்தைக்கு 5 நிமிடம் ஆகும்.

பத்தியைக் குழந்தையிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தவறும் சொற்களை எண்ணுங்கள். 38 சொல்லில் 4 தவறுக்கு மேல் போனால், அதாவது பத்தில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால், அந்தப் பத்தி அந்தக் குழந்தைக்குக் கடினம். அடுத்து அதே அளவுள்ள வேறொரு பத்தியை நீங்களே ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்துக் காட்டி, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவதாக, இன்னொரு சிறு கதையைத் தமிழில் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டலில். எழுத்து நன்றாக ஓடுகிறது, காதால் கேட்டாலும் புரியவில்லை என்றால் சிக்கல் மொழியில்: சொல் தெரியவில்லை, அல்லது வாக்கிய அமைப்பு பிடிபடவில்லை. தமிழ்க் கதையையே கோவையாகச் சொல்ல வரவில்லை என்றால் ஆங்கிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கதை சொல்லும் பழக்கத்தைத் தமிழிலேயே தொடங்க வேண்டும். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைப் படிக்கும் திறன் பெருக்கல் மொழியறிவு. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்ஜியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்ஜியம்தான்.

எழுத்துக்கூட்டலில் சிக்கியிருக்கும் குழந்தையிடம் "ஜி, ஓ, ஏ, டி, கோட்" என்று எழுத்தின் பெயரைச் சொல்ல வைக்காதீர்கள். ஜி, ஓ, ஏ, டி என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பெயர்களிலிருந்து ஆட்டின் ஒலி வராது. ஒலியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தமிழில் "ம" என்றால் எங்கே வந்தாலும் "ம"தான். ஆங்கிலத்தில் ஏ என்ற ஒரே எழுத்து "ஹேட்", "ஏட்" இரண்டிலும் வேறு வேறு ஒலி தருகிறது என்பது தமிழ்க் குழந்தைக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. இந்தக் குழந்தைகளுக்கு ஒலிப்பயிற்சி தனியாக நடக்கட்டும். ஆனால் அது முடியும்வரை புரிதலைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் வாசிக்க, அவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேலை அதே வாரத்தில் பக்கத்திலேயே நடக்கலாம்.

முதல் பாடவேளை: பேச்சு, இரண்டு சொல், ஒரு படம்

முதல் 5 நிமிடம் தமிழில் பேசுங்கள். "வீட்ல ஒரு பொருளை உடைச்சுட்டா உடனே சொல்லிடுவீங்களா, மறைச்சு வெப்பீங்களா?" என்று கேட்டால் போதும், வகுப்பு தானே பேசும். கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முழுக் கதையையும் தமிழில் சொல்லிவிட்டால் ஆங்கிலப் பத்தியை வாசிக்கக் குழந்தைக்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது.

அடுத்த 8 நிமிடம் சொற்களுக்கு. ஒரு பத்தி யார் உதவியும் இல்லாமல் புரிய வேண்டுமானால் அதில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் 95 வரை இறங்கலாம், அதாவது இருபதுக்கு ஒன்று. நம் 38 சொல்லில் இரண்டே இரண்டு புதுச்சொல்: டார்ன், ஸ்வெப்ட். ஐந்தாறு புதுச்சொல் இருந்தால் சொற்பட்டியல் எழுதிப் போட்டுப் பயனில்லை, பத்தியை மாற்றிவிடுங்கள்.

டார்ன் என்ற சொல்லைக் கற்பிக்க ஒரு பழைய செய்தித்தாள் போதும். ஒரு தாளைக் கிழித்துக் காட்டி ஆங்கிலத்தில் "டார்ன் பேப்பர்" என்று சொல்லுங்கள். கிழியாத தாளைக் காட்டி "டார்ன்?" என்று கேளுங்கள். "நோ" வரும். பிறகு கிழிந்த கவர், ஓரம் கிழிந்த பை என்று வகுப்பில் கிடைப்பதையெல்லாம் காட்டலாம். ஸ்வெப்ட் என்பதற்கு மூலையில் இருக்கும் துடைப்பத்தை எடுத்து ஒரு குழந்தையைப் பெருக்கச் சொல்லுங்கள்: இப்போது பெருக்குகிறாள், ஸ்வீப், பெருக்கி முடித்தாள், ஸ்வெப்ட். ஒரு சொல்லைக் குறைந்தது நான்கு வேறு வாக்கியங்களிலாவது கேட்ட பிறகுதான் பத்திக்குள் போக வேண்டும். "டார்ன் = கிழிந்த" என்று எழுதிப்போட்டு ஐந்து முறை எழுதச் சொன்னால் கைதான் வலிக்கும்.

இப்போது பத்தியை இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். முதல்முறை குழந்தைகள் புத்தகத்தைப் பார்க்காமல் கேட்கட்டும். இரண்டாம்முறை விரல் வைத்துத் தொடரட்டும். அதன்பின் இருவர் இருவராக, மாற்றி மாற்றி ஒரு வாக்கியம் வீதம் வாசிக்கட்டும். வகுப்பே சேர்ந்து கோரஸாகப் படிப்பதை மட்டும் நம்பாதீர்கள். முப்பது பேர் படிப்பதுபோல் கேட்கும். படிப்பது முன்வரிசையில் ஐந்து பேர், மற்றவர்கள் அவர்கள் குரலைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் நோட்டில் ஒரு படம்: புத்தகம் எங்கே இருக்கிறது?

அந்தப் படம் ஏன் முக்கியம்

ஒரு பகுதிக் குழந்தைகள் பாயை விரித்து, அதன் மேல் புத்தகத்தை வரைந்திருப்பார்கள். கவனக்குறைவு என்று கடந்துபோகாதீர்கள். அவர்கள் தமிழ் இலக்கணத்தைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

"புக் அண்டர் தி மேட்" என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "புத்தகம், அடியில், பாய்". தமிழில் "அடியில்" என்பது தனக்கு முன்னால் வரும் சொல்லைத்தான் பிடிக்கும்: புத்தகத்துக்கு அடியில் பாய். அப்படியானால் பாய் கீழே, புத்தகம் மேலே. மூன்று சொல்லும் தெரிந்த குழந்தைதான் இப்படித் தலைகீழாக வரைகிறது. சொற்பொருள் சோதனை வைத்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

இதைத் திருத்த விளக்கம் வேண்டாம், ஒரு பாயும் புத்தகமும் போதும். பலகையில் இரண்டு வரிகள்: "புக் அண்டர் தி மேட்", "மேட் அண்டர் தி புக்". ஒவ்வொரு வரியையும் வாசித்துக் குழந்தையே பொருளை வைத்துக் காட்டட்டும். பிறகு ஆன், இன், பிஹைண்ட் என்று மாற்றுங்கள். பத்து நிமிடத்தில் வகுப்புக்கே பிடிபட்டுவிடும். மறுவாரம் பாதிப் பேருக்கு மறந்தும் போகும். மறுபடி 3 நிமிடம் செய்ய வேண்டியதுதான்.

இதே வேர் கொண்ட இன்னொரு சிக்கல், யார் யாரை என்பது. "நாய் பூனையைத் துரத்தியது", "பூனையை நாய் துரத்தியது": தமிழில் இரண்டும் ஒன்றே, ஏனென்றால் "ஐ" உருபு பொருளைக் காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை, சொல் நிற்கும் இடம்தான் உருபு. "தி டாக் சேஸ்ட் தி கேட்" என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். டாக், கேட், சேஸ்ட் என்று மூன்று அட்டை எழுதி மூன்று குழந்தைகளிடம் கொடுத்து வரிசையில் நிற்க வையுங்கள். நாயும் பூனையும் இடம் மாறட்டும், வகுப்பு புது வரிசையை வாசிக்கட்டும், அட்டை வைத்திருப்பவர்கள் அதன்படி ஓடட்டும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"பிகாஸ்" வரும் வாக்கியமும் இந்தக் குடும்பம்தான். நாம் "ஆடு தின்றதால் மீனா அழுதாள்" என்று காரணத்தை முன்னால் வைப்போம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அழுகை முதலில் வந்து, காரணம் பின்னால் வரும். முதலில் எழுதியிருப்பதுதான் முதலில் நடந்தது என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு நிகழ்ச்சியையும் படமாக வரைந்து 1, 2 என்று எண் போடச் சொன்னால் தெரிந்துவிடும்.

இரண்டாம் பாடவேளை: ஷி என்பது யார்?

பத்தியை ஒரு சார்ட் தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஷி, ஹெர் வரும் இடத்தையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிக்கும் ஆளுக்கு வண்ணத்தில் அம்பு போட வேண்டும். முதல் நான்கும் மீனாவுக்குப் போகும். கடைசி ஷி-யில்தான் வகுப்பு வழுக்கும்.

தமிழில் வினைமுற்று பாதி வேலையைச் செய்துவிடும். "சொன்னாள்" என்றால் மீனா, "சொன்னார்" என்றால் அம்மா. பேச்சில் "சொன்னா", "சொன்னாங்க". மரியாதை விகுதியே ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஆங்கிலத்தில் மகளுக்கும் ஷி, அம்மாவுக்கும் ஷி. எனவே குழந்தை கடைசியாகப் பார்த்த பெயரைப் பிடித்துக்கொள்ளும். பதிலை நீங்கள் சொல்லாமல் இப்படி நகர்த்தலாம்:

"கடைசி வரில ஷி யாரு?"
"மீனா, டீச்சர்."
"மீனா என்ன சொல்றா?"
"மீனா, கம் ஹியர்."
"மீனாவே மீனாவைக் கூப்பிடுறாளா?"
"இல்ல டீச்சர்... அம்மா. அம்மா கூப்பிடுறாங்க."

அந்தக் குழந்தை "கூப்பிடுறா" என்பதை விட்டு "கூப்பிடுறாங்க" என்று விகுதியை மாற்றிய கணத்தில் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் பதில் சொல்ல விடுவதன் பயன் இதுதான். ஆங்கிலத்தில் மட்டுமே பதில் என்று கட்டாயப்படுத்தினால் "ஷி இஸ் மதர்" என்று ஒரு வரி கிடைக்கும். அது புரிந்து வந்ததா, பக்கத்துப் பெஞ்சிலிருந்து வந்ததா என்று தெரியாது.

தமிழை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்வது, அதை நோட்டில் எழுத வைப்பது, இரண்டும் வேண்டாம். குழந்தை தமிழ்ப் பொருளை மனப்பாடம் செய்யும், ஆங்கில வரியைத் திரும்பிப் பார்க்காது. ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதுவதும் அப்படியே. ஆட்டுக்கும் மேலே போடும் கோட்டுக்கும் தமிழில் ஒரே "கோட்". பன்றிக்கும் பெரியதற்கும் ஒரே "பிக்". இந்த வித்தியாசங்களைத் தமிழ் எழுத்தால் காட்ட முடியாது, ஆங்கிலமோ அவற்றை வைத்துத்தான் பொருளைப் பிரிக்கிறது. தமிழ் எழுத்தைப் பார்த்தே வாசித்துப் பழகிய கண், கீழே இருக்கும் ஆங்கில எழுத்துக்கு இறங்கி வருவதில்லை.

மூன்றாம் பாடவேளை: கேள்வி

டாஃபி ரஃபேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1980-களில் கேள்விகளை, பதில் எங்கே கிடைக்கும் என்பதை வைத்துப் பிரித்தார். பதிலை எங்கே தேடுவது என்று தெரிந்தால் வரியைப் பார்த்து எழுதும் பழக்கம் உடையும். நம் பத்திக்கு அந்த வகைகள் இப்படி வரும்.

அங்கேயே இருப்பது: ஆடு எதைத் தின்றது? இது ஒன்றோ இரண்டோ போதும்.

இரண்டு இடத்தில் தேடிச் சேர்ப்பது: மீனா மறைத்த புத்தகம் ஏன் கிழிந்திருந்தது? பதில் இரண்டாம் வரியிலும் நான்காம் வரியிலும் பிரிந்து கிடக்கிறது. ஒரு வரியை மட்டும் எழுதினால் பதில் முழுமையாகாது.

எழுதியிருப்பதையும் தெரிந்ததையும் வைத்து யோசிப்பது: அம்மா புத்தகத்தைப் பார்த்துவிட்டாரா? பத்தியில் பார்த்தார் என்று எங்குமே இல்லை. வீட்டைப் பெருக்கும்போது பாயைத் தூக்குவார்கள் என்பது குழந்தைக்கு வீட்டில் தெரிந்த விஷயம். "ஸ்வெப்ட் தி ரூம்", அடுத்து உடனே "கம் ஹியர்". இரண்டையும் கோத்தால்தான் பதில். இந்த ஒரு கேள்விக்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

புத்தகத்துக்கு வெளியே: நீ மீனாவாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கலகலப்பாக இருக்கும், ஆனால் பத்தியை வாசிக்காமலே பதில் சொல்லலாம். இதை வைத்துப் புரிதலை அளக்காதீர்கள்.

எந்தப் பதில் வந்தாலும், சரியோ தவறோ, "எந்தச் சொல்லை வெச்சு சொல்றே? விரல் வை" என்று கேட்க வேண்டும். தவறான பதிலுக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று குழந்தை கண்டுபிடித்துப் பதிலை மாற்றிவிடும். கேள்வி கேட்டபின் ஐந்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு திறமை. குழந்தை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் யோசித்து, திரும்பி வர நேரம் பிடிக்கும்.

எழுத்துப் பதிலில் புரிதலுக்கு 2 மதிப்பெண், ஆங்கிலத்துக்கு 1 என்று பிரித்துக்கொள்ளுங்கள். "கோட் ஈட் புக்" என்று எழுதிய குழந்தைக்குப் புரிந்திருக்கிறது. அதற்கு முழு 2 தர வேண்டும்.

ஒரே வகுப்பில் பல நிலை

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தால் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது ஆசிரியர்களுக்குப் பழக்கம். அதே முறையில் ஒரு கதையை மூன்று அளவில் எழுதிக்கொள்ளலாம். அரும்புக்கு இரண்டே வாக்கியம், 9 சொல்: "மீனா ஹேட் எ கோட். தி கோட் ஏட் ஹெர் புக்." மொட்டுக்கு முதல் நான்கு வாக்கியம், 25 சொல். மலருக்கு முழுப் பத்தி. கதை ஒன்று என்பதால் தமிழ்ப் பேச்சு, சொல் விளையாட்டு, பாய் விளையாட்டு எல்லாம் வகுப்பு முழுவதற்கும் பொது. வாசிக்கும் நேரம் மட்டும் பிரியும்.

மலர்க் குழந்தைகளை நால்வர் குழுவாக்கி, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பவர், கேள்வி கேட்பவர், புரியாத சொல்லைப் பிடிப்பவர், சுருக்கிச் சொல்பவர் என்று வேலை பிரித்துக் கொடுக்கலாம். பாலின்சாரும் பிரவுனும் 1984-ல் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து காட்டிய முறை இது. நம் நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுவரும்போது ஒரு வாரத்துக்கு ஒரு வேலை வீதம் வகுப்பு முழுவதற்கும் பழக்கிய பிறகே குழுவுக்குப் போங்கள். நான்கையும் ஒரே நாளில் கொடுத்தால் கேள்வி கேட்பவர் "வாட் இஸ் கோட்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

கற்றார்களா என்று பார்க்க

நடத்திய பத்தியையே தேர்வில் கொடுத்தால் நினைவாற்றலைத்தான் அளக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே அளவுள்ள புதுப் பத்தி ஒன்றைக் கொடுத்து, மூடி வைத்துவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முன்பே நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மீனா கதைக்கு ஐந்து: ஆடு தின்றது, சொல்லவில்லை, பாய்க்கடியில் வைத்தாள், அம்மா பெருக்கினார், கூப்பிட்டார். எத்தனை வந்தது, வரிசை சரியா, யார் செய்தது என்பது மாறாமல் வந்ததா என்று மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் வகுப்பில் நாளுக்கு நான்கு பேர் என்றால் பத்துப் பள்ளி நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

புதுப் பத்திகளுக்கு, சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளம் உதவும். 2015-ல் தொடங்கியது, இலவசமாக இறக்கி அச்சிடலாம். முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் இருக்கும், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். நிலை எண்ணை மட்டும் நம்பாமல் புதுச்சொற்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த நிலைகள் தாய்மொழியில் வாசிப்பவர்களையும் சேர்த்து மனதில் வைத்தவை. தமிழ்ப் பதிப்பைக் கடைசியில் கொடுங்கள், முதலில் அல்ல.

அதைவிடவும் நல்லது, மீனாவையும் அந்த ஆட்டையும் வைத்தே அடுத்த வாரக் கதையை எழுதுவது. கோட், மேட், டார்ன், ஸ்வெப்ட் எல்லாம் மறுபடி வரும், புதுச்சொல் இரண்டே சேரும். ஆடு இந்த முறை டீச்சரின் வருகைப் பதிவேட்டைத் தின்னட்டும்.